ஆன்மாவை எழுதிக்கொடுக்கும் கதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆன்மாவை விற்கும் கதை என்று எதைச் சொல்கிறோம்?

தமக்குக் கிட்டாத செல்வத்தையோ அறிவையோ பதவியையோ காதலையோ கலைத்திறனையோ அடைவதற்காக, இன்ன காலத்துக்குப் பிறகு தம் ஆன்மா சாத்தானுக்கு உரியதாகும் என்று ஒருவர் ஒப்புக்கொண்டு எழுதிக்கொடுப்பதே இக்கதைகளின் கரு. தவம் செய்து வரம் பெறும் கதைகளோடு இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தவம் செய்பவர் விலையை முதலில் கொடுத்துவிட்டுப் பலனைப் பிறகு பெறுகிறார். ஆன்மாவை விற்பவரோ பலனை முதலில் அனுபவித்துவிட்டு விலையைக் கடைசியில் கொடுக்கிறார். ஆகவேதான் இக்கதைகளில் எப்போதும் ஒரு கெடு இருக்கிறது, கெடு நெருங்க நெருங்கக் கதையின் வேகமும் கூடுகிறது. பேய் பிடித்த கதைகளும் இதில் சேரா; பேய் பிடிக்கும்போது யாரும் சம்மதம் கேட்பதில்லை, இங்கே சம்மதம் இல்லாமல் கதையே இல்லை.

இக்கதைகளை வரிசையாகப் படிக்கிறவர் ஒவ்வொன்றிடமும் கேட்க வேண்டிய கேள்வி, என் கருத்தில், எழுதிக்கொடுத்த பத்திரத்தை யாரால் திரும்பப் பெற முடியும் என்பதுதான். ஒவ்வொரு காலமும் இதற்கு வேறு விடை சொல்லியிருக்கிறது. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை அந்த விடைகளைத் தேடிச் செல்பவை.

இதன் பழைய வடிவம் எது?

மத்தேயு நற்செய்தியின் 4-ஆம் அதிகாரத்தில் சாத்தான் இயேசுவுக்கு உலகத்து இராச்சியங்களையெல்லாம் காட்டி, தன்னைப் பணிந்தால் அனைத்தையும் தருவதாகச் சொல்கிறான், இயேசு மறுக்கிறார். பேரம் அங்கேயே வந்துவிட்டது, பத்திரம் மட்டும் வரவில்லை. பத்திரத்தோடு கூடிய கதைகளில் ஐரோப்பா முழுவதும் பரவிய முதல் பெருங்கதை தியோஃபிலஸ் என்பவருடையது.

இன்றைய துருக்கியின் தென்பகுதியிலுள்ள அதானா நகரத் திருச்சபையில் 6-ஆம் நூற்றாண்டில் பொறுப்பு வகித்தவர் தியோஃபிலஸ் என்று கதை சொல்கிறது. ஆயர் பதவி தேடி வந்தபோது தமக்குத் தகுதியில்லை என்று பணிவோடு மறுத்துவிடுகிறார். அந்தப் பதவிக்கு வந்த வேறொருவர், அவர் வகித்த பொறுப்பையும் பறித்துவிடுகிறார். பணிவுக்குக் கிடைத்த பரிசு இதுதானா என்ற மனக்கசப்பில் அவர் ஒரு மந்திரவாதியை நாடிச் செல்ல, அந்த மந்திரவாதி அவரை இரவில் சாத்தானிடம் அழைத்துச் செல்கிறான். (கதை அவனை யூதன் என்கிறது, இடைக்கால ஐரோப்பாவின் யூத வெறுப்பு இத்தகைய கதைகளின் வழியாகவும் வளர்ந்தது.) கிறிஸ்துவையும் மரியாளையும் மறுதலித்து எழுதி, தம் மோதிரத்தால் மெழுகு முத்திரை வைத்துக் கொடுக்கிறார். இழந்த பொறுப்பு உடனே திரும்புகிறது. பிறகு மனம் வருந்தி நாற்பது நாள் நோன்பிருந்து மரியாளை மன்றாடுகிறார். மரியாள் அவருக்காகப் பரிந்து பேசிப் பத்திரத்தை மீட்டுத் தர, அவர் கண்விழித்தபோது அது அவருடைய மார்பின் மீது கிடக்கிறது. சபையார் முன்னிலையில் எல்லாவற்றையும் அறிக்கையிட்டு, பத்திரம் எரிக்கப்பட்ட சில நாள்களில் அமைதியாக இறந்துபோகிறார்.

கிரேக்கத்தில் இருந்த இக்கதை 9-ஆம் நூற்றாண்டில் இலத்தீனுக்கு வந்த பின்னர், துறவியர் மடங்களிலும் மேடைகளிலும் நிலைபெற்றது. பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தின் வடபுற வாயிலின் மேல் 13-ஆம் நூற்றாண்டில் இது சிற்பமாகவே செதுக்கப்பட்டது. பத்திரத்தை மீட்கப் பரிந்துபேசும் ஒரு தாய் இருக்கிறாள் என்பதே அக்காலத்தின் விடை.

ஃபவுஸ்ட் உண்மையில் வாழ்ந்தவரா?

ஆன்மாவைச் சாத்தானுக்கு எழுதிக்கொடுத்தவர் என்று கதைகள் சொல்லும் ஃபவுஸ்ட் உண்மையில் வாழ்ந்தவர்தான். 16-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மானிய நகரங்களில் சோதிடமும் மாயவித்தையும் செய்துகொண்டு அலைந்த ஒருவரைப் பற்றிய குறிப்புகள் ஆங்காங்கே கிடைக்கின்றன. 1507-இல் மடாதிபதி திரித்தேமியுஸ் எழுதிய கடிதம் அவரை நாடோடி என்றும் வாய்ப்பந்தல் போடுபவர் என்றும் ஏசுகிறது. 1520-இல் பாம்பெர்க் ஆயருக்குச் சாதகம் கணித்துக் கொடுத்து 10 கில்டர் பெற்றதற்குக் கணக்கு இருக்கிறது. 1528-இல் இங்கோல்ஷ்டாட் நகரம் அவரை வெளியேற்றியது. 1532-இல் நியூரென்பெர்க் அவரை நகருக்குள் விட மறுத்தது. ஏறத்தாழ 1540-இல் இறந்தார். ஆயரிடம் கூலி வாங்கியவர் என்பதற்கு ஆவணம் உண்டு. சாத்தானிடம் வாங்கியவர் என்பது இறந்த பின் அவர்மீது ஏறிய பெயர்.

அவரைப் பற்றிய 1587-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் என்ன இருக்கிறது?

ஃபிராங்க்ஃபர்ட்டில் யோஹான் ஷ்பீஸ் என்ற அச்சகர் வெளியிட்ட அந்தப் புத்தகத்தை எழுதியவரின் பெயர் அதில் இல்லை. ஆன்மா விற்பனைக் கதை இன்றைய உருவத்தைப் பெற்றது அதில்தான். இறையியல் படித்த ஃபவுஸ்ட், வானத்தையும் பூமியையும் பற்றி எல்லாம் அறிய வேண்டும் என்ற தாகத்தால் ஆவியை வரவழைத்து, 24 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் எழுதிக்கொடுக்கிறார். மெஃபிஸ்டோஃபிலிஸ் என்ற அந்த ஆவி அவருக்கு ஏவல் செய்ய வேண்டும், கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். பதிலுக்கு ஃபவுஸ்ட் கிறித்தவ நம்பிக்கையை மறுதலித்து, உடலையும் ஆன்மாவையும் கெடு முடிந்ததும் ஒப்படைக்க வேண்டும்.

இதில் என்னை எப்போதும் வியக்க வைப்பது, அவ்வளவு பெரிய விலைக்கு அவர் வாங்கியவை எவ்வளவு அற்பமானவை என்பதே. ஆயர்களின் சமையலறையிலிருந்து திருடிவந்த உணவு, பிரபுக்களின் நிலவறையிலிருந்து வந்த மது, ஊர் சுற்றல், ஓர் அரண்மனைப் பிரபுவின் தலையில் மான்கொம்பு முளைக்க வைத்த வேடிக்கை. வானத்தைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு அரைகுறைப் பதில்களே கிடைக்கின்றன. திருமணம் செய்துகொள்ள விரும்பியபோது ஆவி அதை அனுமதிக்கவில்லை, ஏனெனில் திருமணம் கடவுள் ஏற்படுத்தியது. இறுதியில் கிரேக்கப் பேரழகி ஹெலனையே வரவழைத்துக் கொடுக்கிறது. அவளும் அவளுக்குப் பிறந்த மகனும் ஃபவுஸ்ட் இறந்ததும் மறைந்துவிடுகிறார்கள். கடைசி இரவில் மாணவர்களோடு உணவருந்தி, நடந்ததைச் சொல்லி, அவர்களை உறங்கப் போகச் சொல்கிறார். நள்ளிரவுக்குப் பின் பெருங்காற்று வீசுகிறது, கூச்சல் கேட்கிறது. விடிந்ததும் மாணவர்கள் அறைக்குள் கண்டவை, சுவரில் ஒட்டிய மூளையும் தரையில் கிடந்த கண்களும் பற்களும். உடல் வெளியே சாணக்குவியலின் மேல் கிடந்தது.

இது மார்ட்டின் லூத்தரின் திருச்சபைச் சீர்திருத்தம் வேரூன்றிய சூழலில் எழுதப்பட்ட புத்தகம் என்பதை நினைவில் வைத்தால் முடிவின் கடுமை விளங்கும். புனிதர்களின் பரிந்துரையைச் சீர்திருத்தச் சபைகள் ஏற்கவில்லை. தியோஃபிலஸுக்குப் பத்திரத்தை மீட்டுத் தந்த மரியாள் இங்கே வர வழியே இல்லை. ஃபவுஸ்ட் தனியாக நிற்கிறார்.

கிறித்தவ நம்பிக்கையின்படி அந்த ஒப்பந்தம் உண்மையிலேயே செல்லுமா?

கண்டிப்பாகப் பார்த்தால் செல்லாது. இறக்கும் கணம்வரை மனம் திரும்ப இடமுண்டு என்பது அந்தச் சமயத்தின் அடிப்படை. மேலும், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல், விசுவாசிகள் ஏற்கெனவே கிரயத்துக்குக் கொள்ளப்பட்டவர்கள் என்கிறார். முன்பே ஒருவருக்குக் கிரயமான நிலத்தை வேறொருவருக்கு எழுதிக்கொடுத்தால் வில்லங்கச் சான்றிதழில் அது வெளிப்பட்டுவிடுவதைப் போல, இந்த விற்பனையும் தொடக்கத்திலேயே பழுதானது. அப்படியானால் ஃபவுஸ்ட் ஏன் அழிந்தார் என்று கேட்கலாம். பத்திரம் அவரைக் கட்டவில்லை. பத்திரம் தம்மைக் கட்டிவிட்டது என்ற அவநம்பிக்கைதான் கட்டியது. ஆங்கில நாடகாசிரியர் மார்லோ, ஃபவுஸ்டஸ் என்ற பெயரில் அவரைப் பற்றி எழுதிய நாடகம் முழுவதும் இந்த ஒரு புள்ளியைச் சுற்றியே சுழல்கிறது. நல்ல தேவதூதர் வருந்தச் சொல்கிறார், முதியவர் ஒருவர் வந்து மன்றாடுகிறார், ஃபவுஸ்டஸோ தமக்கு இனி மன்னிப்பில்லை என்று தாமே தீர்ப்பெழுதிக்கொள்கிறார்.

ஏன் இரத்தத்தால் எழுத வேண்டும்?

தொடக்கத்தில் அப்படி இல்லை. தியோஃபிலஸ் மெழுகு முத்திரையோடு நிறுத்திக்கொண்டார். இரத்தம் பிற்காலத்தில் வந்து சேர்ந்து, பிறகு கழற்றவே முடியாத அங்கமாகிவிட்டது. 1587-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் ஃபவுஸ்ட் தம் கையைக் கீறியதும், 'மனிதா, ஓடிவிடு' என்ற பொருளுள்ள இலத்தீன் எழுத்துகள் அந்தக் கையிலேயே தோன்றுகின்றன. மார்லோ இதற்கு மேலும் ஒரு படி போய், எழுதிக்கொண்டிருக்கும்போதே இரத்தத்தை உறைய வைக்கிறார். அதை இளக்குவதற்கு மெஃபிஸ்டோஃபிலிஸ் நெருப்புக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. உடல் மறுக்கிறது, மனம் கேட்கவில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாக மேடையில் காட்ட முடியாது. ஜெர்மானியக் கவிஞர் கதேயின் ஃபவுஸ்ட் நாடகத்தில் இரத்தம் மிகவும் தனித்தன்மையான சாறு என்று மெஃபிஸ்டோஃபிலிஸ் சொல்வதில் கேலியும் கலந்திருக்கிறது.

மார்லோவுக்கும் கதேக்கும் என்ன வேறுபாடு?

கிறிஸ்டோஃபர் மார்லோ 1593-இல் இறந்தார்; அவருடைய நாடகம் 1604-இல் ஒரு வடிவமாகவும் 1616-இல் நீண்ட மற்றொரு வடிவமாகவும் அச்சானது. அவருடைய ஃபவுஸ்டஸ் 24 ஆண்டுக் கெடு முடிந்து, கடிகாரம் பதினொன்று அடித்த பின்னான கடைசி மணி நேரத்தில், காலத்தை நிற்கச் சொல்லிக் கெஞ்சி, இழுத்துச் செல்லப்படுகிறார்.

கதே ஏறத்தாழ 60 ஆண்டுகள் இந்தக் கதையோடு வாழ்ந்தவர். முதல் பாகம் 1808-இலும், இரண்டாம் பாகம் அவர் இறந்த 1832-இலும் வெளிவந்தன. அவர் செய்த பெரிய மாற்றம், ஒப்பந்தத்தைப் பந்தயமாக்கியது. கெடு ஆண்டுக்கணக்கில் இல்லை. எந்தக் கணத்தைப் பார்த்து 'நில், நீ அவ்வளவு அழகாயிருக்கிறாய்' என்று ஃபவுஸ்ட் சொல்கிறாரோ அந்தக் கணத்தில் அவர் தோற்றவராவார். எதிலும் நிறைவடையாத மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான நிபந்தனை இருக்க முடியாது. இறுதியில் கண்பார்வை இழந்த முதியவராக, மண்வெட்டிகளின் ஓசையைக் கேட்டு, தாம் திட்டமிட்டபடி கடலிடமிருந்து நிலத்தை மீட்கும் வேலை நடக்கிறது என்று மகிழ்கிறார். உண்மையில் அங்கே வெட்டப்படுவது அவருடைய சவக்குழி. சுதந்திரமான மக்களோடு சுதந்திரமான மண்ணில் நிற்கும் ஒரு நாள் வருமானால் அந்தச் சொல்லைச் சொல்லலாமே என்று எண்ணியபடியே இறக்கிறார். மெஃபிஸ்டோஃபிலிஸ் வென்றதாக நினைக்கும்போது வானவர்கள் ஆன்மாவை எடுத்துச் சென்றுவிடுகிறார்கள். ஓயாமல் முயல்பவரை மீட்க முடியும் என்பது அவர்கள் சொல்லும் காரணம், அவரால் சீரழிந்த மார்கரெட்டின் மன்றாட்டும் துணைக்கு வருகிறது.

இந்த முடிவு எனக்கு முழுமையாக ஏற்புடையதன்று. மார்கரெட், அவளுடைய தாய், தமையன், குழந்தை, பிற்பாகத்தில் குடிசையோடு எரிக்கப்பட்ட முதிய தம்பதியர் என இத்தனை பேர் கொடுத்த விலையை, முயன்றார் என்ற ஒரு சொல்லால் ஈடுகட்டிவிட முடியுமா?

சாத்தான் இக்கதைகளில் ஏன் ஒப்பந்தத்தை மீறுவதேயில்லை?

மீறினால் கதை குற்றவியல் கதையாகிவிடும். அவன் சொல் தவறாதவன், ஆனால் சொல்லின் ஓட்டைகளை நன்கறிந்தவன். போலந்து நாட்டுக் கதையில் வரும் துவார்தோவ்ஸ்கி, தாம் ரோம் நகரில் இருக்கும்போதுதான் தம் ஆன்மாவை எடுக்கலாம் என்று நிபந்தனை போட்டு, அந்நகரத்தின் பக்கமே போகாமல் இருக்கிறார். ஒரு நாள் அவர் தங்கிய சத்திரத்தின் பெயரே 'ரோம்' என்று தெரியவருகிறது. சாத்தான் தூக்கிச் செல்லும்போது மரியாளைப் பாடித் துதிக்க, நரகத்துக்கும் போகாமல் பூமிக்கும் திரும்பாமல் நிலவில் தங்கிவிடுகிறார் என்பது கதை. கத்தோலிக்கப் போலந்தில் மரியாள் இன்னும் உதவிக்கு வருகிறாள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சாத்தான் ஏமாந்துபோகும் கதைகளும் உண்டா?

ஏராளமாக உண்டு, மக்கள் வழக்கில் அவையே மிகுதி. படித்தவர்கள் எழுதியபோது மனிதன் தோற்றான், குடியானவர்கள் சொன்னபோது மனிதன் வென்றான் என்று பொதுவாகச் சொல்லலாம். சுவிட்சர்லாந்தின் ஷோலனென் பள்ளத்தாக்கில் பாலம் கட்ட முடியாமல் தவித்த ஊரி பகுதி மக்களுக்குச் சாத்தான் கட்டிக்கொடுத்து, முதலில் கடக்கும் உயிர் தனக்கு என்றான்; அவர்கள் ஒரு வெள்ளாட்டை ஓட்டிவிட்டார்கள். கோபத்தில் பாலத்தை உடைக்க அவன் தூக்கிவந்து போட்டுவிட்டுப் போனதாகச் சொல்லப்படும் ஏறத்தாழ 220 டன் பாறை, நெடுஞ்சாலை அமைத்தபோது உடைக்கப்படாமல் நகர்த்தி வைக்கப்பட்டு இன்றும் இருக்கிறது. பாலம் கட்டிய பொறியாளர்களுக்கு இவ்வளவு மதிப்பு கிடைத்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு பெருங்குடும்பம் கொல்லரும் சாத்தானும் பற்றியது. தொட்டதை ஒட்டிக்கொள்ளச் செய்யும் ஆற்றலைப் பேரமாகப் பெற்ற கொல்லர், அதே ஆற்றலால் சாத்தானை நாற்காலியிலோ மரத்திலோ ஒட்டவைத்துத் தப்பிவிடுவார். 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, மொழிக் குடும்பங்களின் கிளைப்பாட்டை வைத்துக் கணித்து, இக்கதை வெண்கலக் காலத்தைச் சேர்ந்ததாக, ஏறத்தாழ 6,000 ஆண்டுப் பழமை உடையதாக இருக்கலாம் என்றது. இது சரியானால் பேரம் கிறித்தவத்தைவிடப் பல ஆயிரம் ஆண்டு மூத்தது, பத்திரம்தான் இளையது.

இசைக் கலைஞர்களைப் பற்றி மட்டும் ஏன் இந்தப் பேச்சு அதிகம்?

கேட்பவரால் விளக்க முடியாத திறமை, கேட்பவர் கண்ணெதிரே நிகழ்வதால் இருக்கலாம். வயலின் மேதை பகனீனி (1782–1840) இந்தப் பேச்சால் பெரிதும் அலைக்கழிக்கப்பட்டவர்; நீஸ் நகரில் இறக்கும் முன் பாதிரியாரின் இறுதி அருளடையாளத்தைப் பெறாததால் ஆயர் அவரைத் திருச்சபை மண்ணில் அடக்கம் செய்ய மறுக்க, உடல் பல ஆண்டுகள் இடம் மாறிக்கொண்டே இருந்தது.

அமெரிக்க புளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் (1911–1938) மிசிசிப்பியின் ஒரு நாற்சந்தியில் நள்ளிரவில் ஆன்மாவை விற்றுக் கிட்டார் கற்றார் என்பது இன்று எல்லோரும் அறிந்த கதை. ஆனால் நாற்சந்தியில் கரிய உருவம் கிட்டாரை வாங்கிச் சுருதி சேர்த்துத் தரும் கதை, முதலில் அவருக்கு உறவில்லாத டாமி ஜான்சன் என்ற மற்றொரு பாடகரைப் பற்றி அவருடைய சகோதரர் சொன்னது. ராபர்ட் ஜான்சன் 1936-இல் பதிவு செய்த நாற்சந்திப் பாடலில் விற்பனையே இல்லை. மண்டியிட்டுக் கடவுளிடம் இரக்கம் கேட்பவர்தான் அதில் இருக்கிறார். அவர் ஐக் சிம்மர்மன் என்பவரிடம் பயின்றதும், இருவரும் கல்லறைத் தோட்டத்தில் அமர்ந்து வாசித்ததும் சாத்தானைவிட நம்பத்தக்க விளக்கங்கள். கடும் பயிற்சிக்குச் சேர வேண்டிய பெருமையைச் சாத்தானுக்குக் கொடுப்பது, புகழ்வது போல் தோன்றினாலும் அந்தக் கலைஞருக்குச் செய்யும் அநீதியே.

இத்தகைய ஒப்பந்தத்துக்காக யாராவது உண்மையில் தண்டிக்கப்பட்டார்களா?

சூனிய வழக்குகளில் சாத்தானோடு செய்த உடன்படிக்கை முக்கியக் குற்றச்சாட்டாகவே இருந்தது. ஏராளமானோர் அதற்காக உயிரிழந்தனர். பிரான்சின் லூதூன் நகரில் ஊர்பன் கிரான்டியே என்ற பாதிரியார் கன்னியர் மடத்துப் பெண்களைப் பேய் பிடிக்கச் செய்தார் என்று குற்றம் சாட்டப்பட்டபோது, வலமிருந்து இடமாக எழுதப்பட்ட இலத்தீன் பத்திரம் ஒன்று சாட்சியமாக வைக்கப்பட்டது. அதில் சாத்தான், பெயல்செபூப் முதலிய பேய்களின் கையொப்பங்களும் இருந்தன. சித்திரவதையிலும் அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. 1634 ஆகஸ்ட் 18 அன்று உயிரோடு எரிக்கப்பட்டார். கதைகளில் பத்திரம் எழுதியவனை அழிக்கிறது. இங்கே எழுதாதவரை அழித்தது.

விற்கப்படுவது எப்போதும் ஆன்மாதானா?

இல்லை. ஜெர்மானிய எழுத்தாளர் ஷமிஸ்ஸோ 1814-இல் வெளியிட்ட கதையில் ஒருவன் வற்றாத பணப்பைக்காகத் தன் நிழலை விற்கிறான். நிழலில்லாதவனைச் சமூகம் ஒதுக்குகிறது. நிழலைத் திருப்பித் தருகிறேன், ஆன்மாவைக் கொடு என்று வாங்கியவன் திரும்பி வரும்போதுதான் முதல் பேரம் வெறும் முன்பணம் என்பது புரிகிறது. ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஸ்டீவன்சன் 1891-இல் வெளியிட்ட கதையில் விருப்பங்களை நிறைவேற்றும் ஒரு குப்பியை, வாங்கிய விலைக்குக் குறைவாகத்தான் விற்க முடியும். கையில் வைத்தபடி இறப்பவர் நரகம் போவார். விலை ஒரு சல்லியை நெருங்கும்போது ஏற்படும் திகில், எந்தப் பேயின் உருவத்தாலும் ஏற்படாதது.

தமிழில் இதற்கு இணையான கதை உண்டா?

ஆன்மாவைத் தீய சக்திக்கு விற்கும் கதைக்கு நேர் இணை என்று ஒன்றைச் சுட்ட மாட்டேன். ஆனால் பத்திரம் என்ற கோணத்திலிருந்து பார்த்தால், சேக்கிழாரின் பெரியபுராணத்தில் சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட நிகழ்ச்சி இதைத் தலைகீழாக்கியது போல நிற்கிறது. திருமணப் பந்தலுக்கு வந்த கிழ அந்தணர், மணமகனின் பாட்டனார் தம்மையும் தம் வழிவந்தோரையும் அந்தக் கிழவருக்கு அடிமையாக எழுதிக்கொடுத்த ஆளோலை தம்மிடம் இருக்கிறது என்கிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்தெறிகிறார்; கிழிந்தது படியோலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது. அவையத்தார் பாட்டனாரின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து, ஓலை செல்லும் என்று தீர்ப்பளிக்கிறார்கள். உமது வீடு எங்கே என்று கேட்டபோது கிழவர் கோயிலுக்குள் நுழைந்து மறைகிறார். ஐரோப்பியக் கதையில் ஓலையைக் கிழிப்பதே விடுதலை. இங்கே கிழிக்க முடியாமல் போனதே அருள். திருவாசகத்திலும் மாணிக்கவாசகர், நீ உன்னைத் தந்தாய், என்னைக் கொண்டாய், நம்மில் யார் சதுரர் என்று சங்கரனிடமே பேரக் கணக்குக் கேட்கிறார்.

இன்றைய சட்டத்தின் முன் ஆன்மா விற்பனை என்னவாகும்?

வேடிக்கையாகத்தான் ஆகியிருக்கிறது. 1971-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒருவர், தம் வாழ்க்கையைக் கெடுத்ததாகச் சாத்தான்மீதும் அவன் பணியாளர்மீதும் வழக்குத் தொடுக்க முயன்றார். அழைப்பாணையை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று அவர் சொல்லவில்லை என்பதையும் சுட்டிக்காட்டி நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. 2010 ஏப்ரல் 1 அன்று கேம்ஸ்டேஷன் என்ற பிரித்தானிய விளையாட்டு விற்பனை நிறுவனம், இணையக் கொள்முதலுக்கான நிபந்தனைகளில் வாங்குபவரின் அழியா ஆன்மா தங்களுக்கு உரியது என்ற வரியைச் சேர்த்தது. ஏறத்தாழ 7,500 பேர் படிக்காமலே ஒப்புக்கொண்டார்கள். உரிமை கோரப்போவதில்லை என்று நிறுவனம் அறிவித்துவிட்டது. மார்லோவின் மெஃபிஸ்டோஃபிலிஸாவது ஃபவுஸ்டஸ் ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டியதைக் கேட்டுக்கொண்டான்.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

மார்லோவின் 1604-ஆம் ஆண்டு வடிவத்திலிருந்து தொடங்குவது நல்லது. சிறியது, ஒரே மாலையில் முடியும். அடுத்து ஸ்டீவன்சனின் குப்பிக் கதையையும் ஷமிஸ்ஸோவின் நிழல் கதையையும் படிக்கலாம். கதேயின் முதல் பாகம் அதன் பிறகு வரட்டும். இரண்டாம் பாகத்தைக் கையில் எடுப்பவர்கள் நடுவிலுள்ள கிரேக்கப் பகுதிகளில் சோர்ந்தால் நேராக ஐந்தாம் அங்கத்துக்குப் போய்விடலாம். மண்வெட்டிகளின் காட்சி அங்கேதான் இருக்கிறது.